நாலடி வரப்பும் பள்ளிக்கூட மைதானமும்

போன ஐப்பசியில ரெண்டு நாள் விடாம மழை பெய்ஞ்சுது. மூணாம் நாள் காலையில வயலுக்குப் போற வழியில பள்ளிக்கூட மைதானத்தை எட்டிப் பார்த்தேன். புள்ளைங்க கோ-கோ ஆடிக்கிட்டு இருந்தாங்க. வேற ஊர்க்காரங்களுக்கு இதுல என்ன அதிசயம்னு தோணும். எங்க ஊர்ல இருபது வருஷமா ஐப்பசி பொறந்தா மைதானத்துல தவளைதான் ஆடும். தை பொறக்குற வரைக்கும் புள்ளைங்க வராண்டாவுல உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

அந்தத் தண்ணி எப்படி வந்துச்சு, எப்படிப் போச்சுங்கிறது ஒரு சின்ன சரித்திரம். அதுல எங்க குடும்பத்துக்கும் ஒரு பங்கு இருக்கு. நல்ல பங்கு இல்ல. இருந்தாலும் எழுதி வைக்கணும்னு தோணுச்சு.

முதல்ல இடத்தைச் சொல்லிடறேன். நீடாமங்கலம் பக்கத்துல மூணாறு தலைப்புன்னு ஒண்ணு இருக்கு. அங்கதான் வெண்ணாறு பிரிஞ்சு கோரையாறு, பாமணியாறுன்னு தனித்தனியாப் போகுது. அந்தக் கோரையாத்துப் பாசனத்துல இருக்குற சின்ன ஊர் எங்களோடது. களிமண் பூமி. காய்ஞ்சா கால் நுழையுற அளவுக்கு வெடிக்கும், நனைஞ்சா வெண்ணெய் மாதிரி வழுக்கும். மேல தண்ணி நின்னா கீழ இறங்காது. மணல் பாங்கான ஊர்க்காரங்களுக்கு இது புரியுறது கஷ்டம். எங்க பக்கம் தண்ணி பூமிக்குள்ள போகும்னு காத்திருக்க முடியாது. அதுக்கு ஒரு வழி வெட்டிக் கொடுத்தாத்தான் போகும்.

அதனாலதான் டெல்டாவுல பாசன வாய்க்கால் எவ்வளவு முக்கியமோ, வடிகால் வாய்க்காலும் அவ்வளவு முக்கியம். மேல ஊருக்கு வடிகாலா இருக்குறது கீழ ஊருக்குப் பாசன வாய்க்காலா இருக்கும். ஒருத்தர் கழிக்கிற தண்ணியில இன்னொருத்தர் நடவு நடுவார். ஒரு இடத்துல அடைச்சா ரெண்டு பேருக்கும் கேடு.

இந்த வாய்க்காலையெல்லாம் பராமரிக்க அந்தக் காலத்துல குடிமராமத்துன்னு ஒரு முறை இருந்துச்சு. வருஷா வருஷம் தண்ணி வர்றதுக்கு முன்னாடி ஊர்க்காரங்களே ஆள் கொடுத்துத் தூர் வாருவாங்க. வெள்ளைக்காரன் ஆட்சியில அது தளர்ந்து போகவே, 1858ல சட்டமே போட்டாங்க. வழக்கமா இருந்த வேலையைச் செய்யாதவங்க அதுக்கான பணத்தைக் கட்டணும்னு ஏற்பாடு. தானா செய்த வேலைக்குச் சட்டம் போட வேண்டி வந்துச்சுன்னாலே அப்பவே பழக்கம் தேய ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம். 1934ல மேட்டூர் அணை திறந்தாங்க. தண்ணி முறைப்படி வர ஆரம்பிச்சதும் வாய்க்காலெல்லாம் சர்க்கார் பொறுப்புன்னு ஆகிப்போச்சு. இருந்தாலும் நான் சின்னப் பையனா இருந்தப்போ, வைகாசி மாசத்துல வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோட போறதைப் பார்த்திருக்கேன்.

இனி பள்ளிக்கூடத்துக்கு வர்றேன். காமராஜர் முதலமைச்சரா இருந்த காலம், 1954லேருந்து 1963 வரைக்கும். 1956ல பள்ளிக்கூடத்துல மதிய உணவு வந்துச்சு. புள்ளைங்க கூட்டம் பெருகுச்சு. 1958லேருந்து பள்ளிச் சீரமைப்பு மாநாடுன்னு ஊர் ஊரா நடத்தினாங்க. அப்போ கல்வித்துறை இயக்குநரா இருந்த நெ.து. சுந்தரவடிவேலு அய்யா அதை முன்னால நின்னு நடத்தினார். அரசாங்கத்துப் பணத்துக்குக் காத்திருக்காம ஊர்க்காரங்களே பெஞ்சு, நாற்காலி, கடிகாரம், கட்டடம், நிலம்னு கொடுத்தாங்க. எங்க ஊர்லயும் அந்தக் காலத்துலதான் பள்ளிக்கூடத்துக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் வந்துச்சு.

கொடுத்தவங்களைக் குறைச்சுச் சொல்லல. ஆனா உண்மையைச் சொல்லணும்ல. கொடுத்தது ஊர்லயே தாழ்வான நிலம். சம்பா நட்டா மூணு வருஷத்துல ஒரு வருஷம் அழுகிப் போகுமாம். தையில தெளிச்ச உளுந்துகூட ஈரம் தாங்காம மஞ்சளாப் போயிடுமாம். நல்ல நஞ்சையை யார் கொடுப்பா? இது எங்க ஊர்க் கதை மட்டும் இல்ல. பட்டணத்துல தியாகராய நகர் 1920கள்ல உருவானது மாம்பலம் ஏரி இருந்த இடத்துல. வள்ளுவர் கோட்டம் நிக்கிறது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடம். பொதுக் காரியத்துக்கு நிலம் தேடினா, தண்ணியோட இடம்தான் எல்லார் கண்ணுக்கும் முதல்ல படுது.

ஆனா அன்னைக்கு அந்த நிலத்தை வாங்கினவங்களுக்கு அது என்ன நிலம்னு தெரியும். எங்கப்பா அப்போ இளந்தாரி. அவர் சொல்லக் கேட்டது இது. ஆத்துல தூர் வாரின மண்ணையும் வண்டலையும் மாட்டு வண்டியில கொண்டாந்து கொட்டினாங்களாம். மட்டமாப் பரப்பல. நெல் அடிக்கிற களம் போடுற மாதிரி, நடுவுல மேடா, நாலு பக்கமும் சரிவாப் போட்டாங்க. ஆமை முதுகு மாதிரி இருக்கணும்னு சொல்லுவாங்களாம். சுத்தி ஒரு வாய்க்கால். கிழக்கு மூலையில, வண்டிப்பாதைக்கு அடியில பனங்கட்டையைக் குடைஞ்சு குழாயாப் போட்டு, அந்தப் பக்கம் இருந்த வடிகாலோட சேர்த்து விட்டாங்க. அந்த வடிகால் எங்க வயலுக்கும் பக்கத்து வயலுக்கும் நடுவுல ஓடி, கடைசியில ஆத்துல விழும்.

நான் அந்தப் பள்ளிக்கூடத்துலதான் படிச்சேன். 1977 நவம்பர்ல அடிச்ச புயல் எங்க வயசுக்காரங்களுக்கு மறக்காது. பாதி ஊர் பள்ளிக்கூடக் கட்டடத்துலதான் படுத்திருந்துச்சு. மைதானம் முழுக்கத் தண்ணி. ஆனா மழை விட்டு ஆத்துத் தண்ணி வடிஞ்சதும் மைதானம் தலையைத் தூக்கிடுச்சு. நடு மேடு முதல்ல தெரிஞ்சுது. அதுல நின்னு நாங்க சடுகுடு ஆடினது நல்லா ஞாபகம் இருக்கு.

சரி, அப்படி இருந்தது எப்படிக் கெட்டுச்சு? ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். வெள்ளம் வந்த வருஷங்கள் வடிகாலைக் கெடுக்கல. தண்ணி வராத வருஷங்கள்தான் கெடுத்துச்சு. 1990ல காவிரி நடுவர் மன்றம் அமைச்சாங்க. 1991ல இடைக்காலத் தீர்ப்பு வந்துச்சு. அதுக்கப்புறம் ஜூன் 12ல மேட்டூர் திறக்குமா திறக்காதாங்கிறதுதான் எங்க கவலை. 2002, 2003 ரெண்டு வருஷமும் பொட்டல். தண்ணியே வராதப்போ வடியுறதைப் பத்தி யாருக்கு நினைப்பு வரும்? வடிகால் காய்ஞ்ச பள்ளமாக் கிடந்துச்சு. நெய்வேலிக் காட்டாமணக்கு மண்டுச்சு. வரப்பு வெட்டும்போது ஆளுக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி வெச்சாங்க.

அந்த "ஆளுக்குக் கொஞ்சம்"ல எங்கப்பாவும் உண்டு. வருஷத்துக்கு ஒரு சாண்தான் தள்ளுவார். அவர் தளர்ந்த பிறகு வரப்பு வெட்டினது நான். நானும் தள்ளினேன். அந்தச் சாண் நிலத்துல வெளைஞ்ச நெல்லை வெச்சு நாங்க மாடி வீடு கட்டிடல. இருந்தாலும் மண்வெட்டி பிடிச்சா கை தானா அந்தப் பக்கம் போகும். விவசாயிங்களுக்கு நான் சொல்றது புரியும்.

இன்னொரு பக்கம் ரோடு. பழைய ரோட்டைச் சுரண்டாம அது மேலேயே ஒவ்வொரு தடவையும் புது ரோடு போட்டாங்க. வண்டிப்பாதை தார் ரோடாச்சு, அப்புறம் சிமெண்டு ரோடாச்சு. மைதானத்தை விட ரோடு ஒன்றரை அடி உசந்துச்சு. அடியில இருந்த பனங்குழாய் எங்கே இருக்குன்னே யாருக்கும் தெரியாமப் போச்சு. புள்ளைங்க ஓடி ஓடி நடு மேடும் தேய்ஞ்சுது. ஆமை முதுகா இருந்தது அகப்பை மாதிரி ஆயிடுச்சு. 2018 நவம்பர்ல கஜா புயல் வந்து மைதானத்து ஓரத்துல இருந்த தூங்குமூஞ்சி மரங்களை வேரோட சாய்ச்சப்போ, மீதி இருந்ததும் குழியாச்சு.

ஒன்றரை ஏக்கர்னா ஏறத்தாழ 6,000 சதுர மீட்டர். பத்து சென்டிமீட்டர் மழை பெய்ஞ்சா அதுல விழுற தண்ணி 6 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கிற தண்ணி லாரி 50 வந்து ஊத்தின மாதிரி. வெளியேற வழி இல்லாத களிமண்ணுல இது எத்தனை நாள் நிக்கும்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.

அப்புறம் ஒரு தடவை மைதானத்தைச் சீர் பண்றோம்னு வேலை நடந்துச்சு. கிராவல் கொண்டாந்து ஒரு அடிக்குக் கொட்டி, ரோலர் விட்டு, மட்டமா அடிச்சுட்டுப் போயிட்டாங்க. பார்க்க அழகா செவசெவன்னு இருந்துச்சு. வடிகாலை யாரும் தொடல. முதல் மழையில கிராவல் மேல தண்ணி நின்னுச்சு. நிரம்பினதும் தெக்குப் பக்கமா வழிஞ்சு கீழத்தெருவுக்குள்ள போச்சு. அதுவரைக்கும் மைதானத்துல நின்ன தண்ணி இப்போ ஏழைங்க வீட்டு அடுப்படிக்குள்ள நின்னுச்சு. 2021 நவம்பர் மழையில நாங்க வயல்ல முங்கின பயிரைப் பார்த்து அழுதுக்கிட்டு இருந்தோம். கீழத்தெருவுல அரிசிப் பானை மிதந்துச்சு. அதே மாசத்துலதான் எட்டாம் வகுப்புப் பொண்ணு ஒண்ணு மைதானத்து ஓரத்துல வழுக்கி விழுந்து மணிக்கட்டை ஒடிச்சுக்கிட்டா. கோ-கோவுல நல்லா ஓடுற பொண்ணு. அந்த வருஷம் அவ ஓடல.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தாங்க. ஆளாளுக்கு இன்னும் ரெண்டு அடி மண் அடிக்கணும்னு பேசினாங்க. கீழத்தெருப் பெரியவர் ஒருத்தர் ஓரமா உட்கார்ந்திருந்தார். அந்தக் காலத்துல வண்டல் சுமந்தவர். என் கூடப் படிச்சவனோட அப்பா. எல்லாரும் பேசி முடிச்சப்புறம் எழுந்தார்.

"இன்னும் மண்ணடிச்சா எங்க வூட்டுக்குள்ளதான் தண்ணி வரும். தண்ணி போற வழியை முதல்ல பாருங்க"ன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "தம்பி, கோவிச்சுக்காத. அந்த வடிகால்ல ரெண்டு மாடு ஒண்ணா எறங்கும், நான் ஓட்டியிருக்கேன். இன்னைக்கு ஒரு ஆடு எறங்க முடியல. உங்கப்பாரு வெட்டுன வரப்புய்யா அது."

கூட்டத்துல ஒரு சத்தம் இல்ல. எனக்கு முகம் சூடாயிடுச்சு. "எங்க பக்கம் மட்டும்தானா?"ன்னு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் பதில் சொல்லாம உட்கார்ந்துட்டார்.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. மறுநாள் போய் கிராம நிர்வாக அலுவலர்கிட்ட புல வரைபடத்தைக் கேட்டுப் பார்த்தேன். பழைய வரைபடத்துல அளவெல்லாம் லிங்க் கணக்கு. நூறு லிங்க்னா 66 அடி. வடிகாலுக்கு 20 லிங்க் போட்டிருந்துச்சு, அதாவது 13 அடி சொச்சம். நேர்ல டேப் பிடிச்சா 5 அடி. சர்வேயர் வந்து அளந்து கல் போட்டப்போ கணக்கு சரியாப் போச்சு. பக்கத்து வயலுக்குள்ள நாலடி. என் வயலுக்குள்ள நாலடி. பெரியவர் ஒரு அங்குலம்கூட மிகைப்படுத்தல.

நாலடி அகலம், முந்நூறு அடி நீளம். கூட்டிப் பார்த்தா ரெண்டே முக்கால் சென்ட். இதுக்காகத்தான் ஒரு பள்ளிக்கூடமும் ஒரு தெருவும் இருபது வருஷம் ஈரத்துல கிடந்திருக்கு. சித்திரையில நானே மண்வெட்டி எடுத்து வரப்பைப் பிரிச்சேன். என் வீட்டுக்காரம்மா ஒரு வார்த்தை பேசல, சோறு மட்டும் வரப்புக்கே கொண்டாந்து கொடுத்தாங்க. பக்கத்து வயல்காரர் இன்னும் முழுசா விடல. ரெண்டடி விட்டிருக்கார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்ல.

அதுக்கப்புறம்தான் மைதானத்து வேலை. என் அக்கா மகன் சிவில் படிச்சவன். "மாமா, கடைசியிலேருந்து ஆரம்பிக்கணும்"னான். முதல்ல தண்ணி விழுற இடம், அப்புறம் வழி, அப்புறம் மைதானம், கடைசியா மேல் மண். கட்டடம் மாதிரி இல்ல இது, தலைகீழ் வேலை. வடிகாலைத் தூர் வாரினோம். ரோட்டுக்கு அடியில சிமெண்டுக் குழாய் பதிச்சோம். அதுக்குத் தோண்டினப்போ அந்தப் பழைய பனங்குழாய் கிடைச்சுது. அறுபது வருஷம் ஆகியும் வைரம் பாய்ஞ்ச கட்டை அப்படியே இருந்துச்சு. உள்ளே மட்டும் மண் அடைச்சிருந்துச்சு. பெரியவர் அதைத் தடவிப் பார்த்துட்டு, "நான் தூக்கிப் போட்டது"ன்னு சொன்னார். அதை இப்போ பள்ளிக்கூட வாசல்ல வெச்சிருக்கோம்.

அடுத்து மைதானத்தைச் சுத்தி வாய்க்கால். தாழ்வா இருந்த கிழக்குப் பாதியில ரெண்டு அடி ஆழத்துக்குக் குழி வரிசை வெட்டினோம். நடுவுல ஒரு நீளக் குழி, ரெண்டு பக்கமும் சாய்வாக் கிளைக் குழிகள், மீன் முள்ளு மாதிரி. அடியில ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாய், அதைச் சுத்தி ஜல்லி, அதுக்கு மேல எம் சாண்ட். நூறு அடிக்கு அரை அடி சரிவு. இதுக்கு பிரெஞ்சு வடிகால்னு பேராம். நான் பிரான்ஸ் நாட்டு முறைன்னு நினைச்சேன். இல்லையாம். அமெரிக்காவுல ஹென்றி ஃபிளாக் ஃபிரெஞ்சுன்னு ஒருத்தர், வக்கீலும் விவசாயியும். 1859ல பண்ணை நிலத்துத் தண்ணியை வடிக்கிறது எப்படின்னு புத்தகம் எழுதினவர். அவர் பேர்தான் அது. வாஷிங்டன்ல இருக்குற பெரிய லிங்கன் சிலையைச் செய்தது அவரோட மகன்னு மருமகன் சொன்னான். மகன் செய்த சிலையை உலகமே பார்க்குது. அப்பா சொன்ன வேலை மண்ணுக்கடியில கிடக்குது.

நம்ம ஆளுங்களும் இதுல குறைஞ்சவங்க இல்ல. கீழடியில தோண்டினப்போ சுடுமண் குழாயும், மூடின வடிகாலும் கிடைச்சிருக்கு. மண்ணுக்கடியில தண்ணி போற வழிக்குப் பழந்தமிழ்ல சுருங்கைன்னு தனி வார்த்தையே இருந்திருக்கு. வார்த்தை மறந்துச்சு, வேலையும் மறந்துச்சு.

கடைசியா மேல் மண். ஏற்கெனவே கொட்டின கிராவலைச் சுரண்டிச் சலிச்சு, பெருங்கல்லையெல்லாம் தள்ளிட்டு அதையே அடியில பரப்பினோம். மேல செம்மண்ணும் சவுடும் கலந்து நாலு நாலு அங்குலமாப் போட்டு, தண்ணி தெளிச்சு ரோலர் விட்டோம். ஒரேயடியாக் கொட்டி உருட்டினா மேல் தோல் மட்டும்தான் இறுகும், உள்ளே பொதபொதன்னு கிடக்கும். களிமண் ஈரமா இருக்கும்போது மேல ஏறி மிதிச்சா இன்னும் மோசம், தண்ணி இறங்குற கண்ணெல்லாம் அடைஞ்சிடும். அதனால எல்லா வேலையையும் கோடையிலேயே முடிச்சோம். சரிவு பார்க்க கொத்தனார்கிட்ட இருந்த டியூப் லெவல்தான். மைதானத்து அகலம் 60 மீட்டர். நடுவுலேருந்து ஓரத்துக்கு 30 மீட்டர். நூத்துக்கு ஒண்ணு சரிவுன்னா நடு மேடு ஓரத்தை விட ஒரு அடி உசரம். அந்தப் பழைய ஆமை முதுகும் ஏறத்தாழ அவ்வளவுதான் இருந்திருக்கும்.

எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். தூங்குமூஞ்சி மரம் சாய்ஞ்ச மூலை இன்னும் உள்ளே வாங்குது. வேர் மக்குற வரைக்கும் அப்படித்தான் இருக்கும், வருஷம் ஒரு வண்டி மண் போடணும். ஆறு நிறைஞ்சு ஓடும்போது வடிகால்லேருந்து தண்ணி ஆத்துல விழாது, அது இறங்குற வரைக்கும் பொறுக்கணும். ரொம்ப முக்கியமா, வருஷா வருஷம் வைகாசியில வடிகாலைத் தூர் வாரணும். நாம வாரலன்னா பத்து வருஷத்துல நான் எழுதினது மறுபடியும் நடக்கும். இந்த வருஷம் நான், பெரியவரோட மகன், இன்னும் ஏழு பேர் போனோம். சட்டம் எதுவும் சொல்லல, சும்மா போனோம்.

போன ஐப்பசி மழையில முன்னாடி எட்டு நாள் நின்ன தண்ணி அடுத்த நாள் சாயங்காலத்துக்குள்ள வடிஞ்சுது. கீழத்தெருவுல ஒரு வீட்டுக்குள்ளயும் போகல. மணிக்கட்டை ஒடிச்சுக்கிட்ட பொண்ணு இப்போ வேற ஊர்ல மேல்நிலை படிக்கிறா. அவ தங்கச்சிதான் அன்னைக்குக் காலையில மைதானத்துல ஓடிக்கிட்டு இருந்தா.

உங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல தண்ணி நின்னா, மண்ணடிக்கச் சொல்லி மனுக் கொடுக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை அந்தத் தண்ணி பின்னாலேயே நடந்து போய்ப் பாருங்க. எந்த வரப்புல போய் முட்டுதுன்னு தெரியும். அது உங்க வரப்பாக்கூட இருக்கலாம்.